பேன்ஜோவைக் காய்ச்சிய மத்தியானம்

என் மனைவிக்கு ஒரு பழக்கம் உண்டு. நாலு பேர் இருக்கிற இடத்தில் என் விரல்கள் மேசையிலோ கதிரைக் கையிலோ தட்ட ஆரம்பித்தால், அவள் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். பேசிக்கொண்டிருக்கிற பேச்சையும் நிறுத்த மாட்டாள். உள்ளங்கையை மட்டும் மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்து என் விரல்கள் மேல் வைத்து அமுக்கிவிடுவாள். கல்யாண வீட்டில், கோயிலில், ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில், பஸ்ஸில்கூட இது நடந்திருக்கிறது. பார்க்கிறவர்கள் ஆசை என்று நினைத்துக்கொள்வார்கள். ஆசையாவது மண்ணாவது. அது பயம்.

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் அப்பா தப்பு மேளம் அடித்தவர். அவளுடைய அப்பாவுக்கும் அடுத்த தோட்டத்தில் அதே வேலைதான். திருவிழா என்றாலும் சாவு என்றாலும் எங்கள் வாசலுக்குத்தான் முதலில் ஆள் வரும். வந்து வாசலோடு நிற்கும். உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காது. நானும் அடித்திருக்கிறேன், நன்றாகவே அடித்திருக்கிறேன். அப்புறம் கண்டிக்கு வந்து மர வேலை பழகி, கட்டுகஸ்தோட்டையில் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு பட்டறை போட்டு, தச்சனை இங்கே கூப்பிடுகிற மாதிரி ஊருக்கெல்லாம் 'பாஸ்' ஆகிவிட்டேன். பாஸ் என்று கூப்பிடுகிறவன், உன் அப்பன் யார் என்று கேட்பதில்லை. எங்கள் மகளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. தெரியக் கூடாது என்பது அவள் அம்மா போட்ட சட்டம். நானும் தலையாட்டினேன்.

அப்படிப்பட்ட வீட்டில் வந்துதான் ஒரு நாள் மகள், "அப்பா, எனக்கு ஒரு பேன்ஜோ செஞ்சு தாங்க" என்றாள்.

அவள் பாலர் பாடசாலையில் டீச்சர். பிள்ளைகளோடு பாட, கித்தார் மாதிரி கம்பி வாத்தியம் ஒன்று வேண்டுமாம். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். எங்கேயோ ஒரு தேசத்து மலையில், தாடிக்காரர் ஒருவர் தன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பலகையை வட்டமாக அறுத்துக்கொண்டிருந்தார். கடையில் வாங்குகிற பேன்ஜோ மாதிரி இரும்பு வளையமும் நட்டும் போல்ட்டும் இல்லை. வெளியே தெரிகிறதெல்லாம் மரம். கழுத்தில் கித்தாருக்கு இருக்கிற குறுக்குக் கட்டைகூட இல்லை, வழுவழு என்றிருந்தது.

"மலையில உள்ளவங்க அவங்களே செஞ்சுக்கிறதாம்பா. நாமளும் மலையில உள்ளவங்கதானே. உங்களால முடியாதா?"

முடியாதா என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்தப் படத்தை அவளுக்கு அனுப்பியது யார் என்பது எனக்கும் தெரியும். கெலிஓயாவில் இருக்கிற கணக்கு வாத்தியார். கித்தார் வாசிக்கிற பையன். ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் பழக்கமாகி, இரண்டு வருஷமாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விடவில்லை. பையனில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவன் அப்பா அம்மா வந்து பெண்ணைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி. அவர்கள் சரி என்று சொல்லாவிட்டால் அவன் அவர்களை மீறுகிற பையன் இல்லை. என் மகளும் வேறொருவனை நினைக்கிற பெண் இல்லை. அந்த ஒரு சொல்லில்தான் பிள்ளையின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

படத்தில் அந்தத் தாடிக்காரர் வட்டப் பலகையின் நடுவே ஒரு சாசர் அளவுக்கு ஓட்டை போட்டார். பிறகு ஈரத் தோல் ஒன்றை எடுத்து அதன் மேல் இழுத்தார். தப்பு கட்டுகிற அதே வேலை.

"பிளாஸ்டிக் போட்டுத் தாறேன்" என்றேன்.

"ச்சே, அது தகர டப்பா மாதிரி கத்தும்பா. ஆட்டுத்தோல்தான் வேணும்."

அன்றைக்கு மனைவி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினாள். "தோல் வேலை வேணாங்க."

"ஆட்டுத்தோல்தானே. ஆட்டைத் திங்கிறோம்ல."

"திங்கிறது வேற, கட்டுறது வேற. உங்க கையி சும்மா இருக்காது. அவங்க வந்து போறவரைக்கும் ஏதாவது சாக்குச் சொல்லுங்க."

அவள் சொன்னது சரி. அதனாலேயே எனக்கு எரிச்சல் வந்தது. எத்தனை அலுமாரி, எத்தனை கட்டில், ஊரில் பாதி வீட்டுக்குக் கதவு ஜன்னல் நான் போட்டது. என் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்ட ஒரு சாமானை, எவனோ என்னவோ நினைப்பான் என்று செய்யாமல் விட வேண்டுமா? மறுநாளே பலாப் பலகையை எடுத்துப் போட்டு வட்டம் கீறினேன்.

மூன்று வட்டம் அறுத்து ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, உள்ளே குடைந்து ஒரு பெட்டி மாதிரி ஆக்கினேன். கழுத்துக்கு மஹோகனி. முதல் கழுத்து நான் அவசரப்பட்டு உளியைப் போட்டதில் நீளவாட்டில் பிளந்தது. அதைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு, பட்டறையைப் பூட்டிக்கொண்டு போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து அடுத்ததை ஆரம்பித்தேன். ஐந்து கம்பி. ஐந்தாவது கம்பி மட்டும் குட்டை, அதை முறுக்குகிற கட்டை கழுத்தின் பாதியில் தனியாக நிற்க வேண்டும். யார் யோசித்த வேலையோ தெரியாது, அந்த ஒரு துளையை நேராகப் போடுவதற்குள் என் பிராணன் போய்விட்டது. ஆனாலும் பலாவின் மஞ்சளும் மஹோகனியின் சிவப்பும் சேர்ந்து நின்றபோது எனக்கே என் கையை முத்தமிடலாம் போல இருந்தது.

தோலுக்கு இறைச்சிக்கடை நானாவிடம் போனேன். கடையில் சனம் நின்றது. காதோடு காதாகக் கேட்டேன். அவர் கடை முழுக்கக் கேட்கச் சொன்னார்: "தோலா? நல்ல தோல் ஒண்டு ஈக்கிது பாஸ். என்னத்துக்கு, தப்பு கட்டப் போறீங்களா?"

பகிடிக்குச் சொன்னதுதான். அவருக்கு ஒன்றும் தெரியாது. கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. "சோபாவுக்கு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆட்டுத்தோலில் எவன் சோபா செய்வான்? பையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போட்டு, மயிர் சுரண்டி, சவ்வு நீக்கி, எல்லாம் பட்டறைக்குப் பின்னால் தகரத்தை மறைப்பாக வைத்துக்கொண்டு செய்தேன். கை ஒன்றையும் மறக்கவில்லை. படத்தில் அந்த ஆள் உள்ளே ஒரு தகர வளையத்தை வைத்துத் தோலை இறுக்கினார். நானும் தகர வளையம் வெட்டினேன். ஆனால் அதற்கு முன் என்னையறியாமல் புளியங்கொட்டையை வறுத்து, ஊறவைத்து, அரைத்து, காய்ச்சிப் பசையாக்கிவிட்டேன். எங்கள் அப்பா செய்த மாதிரியே. வாசம் வீட்டுக்குள் போயிருக்க வேண்டும். மனைவி பின்கதவில் வந்து நின்று பசைச் சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போனாள். அன்று ராத்திரிச் சாப்பாடு மேசையில் மூடி வைத்திருந்தது. கூப்பிடவில்லை.

வெயில் நாளில் பேன்ஜோ அருமையாகப் பேசியது. மகள் கம்பியைத் தட்டினாள் என்றால் சத்தம் வயிற்றிலிருந்து வருகிற மாதிரி கும்மென்று வரும். அவள் பாட, நான் பட்டறை வாங்கில் தாளம் போட, மனைவி வந்து கையை வைத்து அமுக்கினாள். வீட்டில் வேறு ஆள் இல்லாதபோதும் அமுக்கினாள். அதிலிருந்தே அவள் எவ்வளவு பயந்து போயிருந்தாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர்கள் வந்த நாள் காலையிலிருந்தே மழை. விடாத மழை. சுவரெல்லாம் ஈரம் கசிந்தது. மாப்பிள்ளைப் பையன், அவன் அப்பா, அவன் அம்மா, மூன்று பேர்தான் வேனில் வந்தார்கள். அப்பா ஏதோ கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, திருநீறு, வாயைத் திறந்தால் நாலு சொல்லுக்கு மேல் இல்லை. அம்மாவோ நேர்மாறு. கதிரையில் உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து கண் சுவரில் உள்ள படத்திலிருந்து எங்கள் காலில் உள்ள செருப்பு வரை போய் வந்தது.

"பாஸுக்குச் சொந்த இடம் எந்தப் பக்கம்?"

"கலஹாப் பக்கம்."

"கலஹாவுல எந்தத் தோட்டம்?"

வேறொரு தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

"அங்க மேக்கணக்கா, கீக்கணக்கா?"

"மேக்கணக்கு."

"அங்க திருவிழாவுல உங்க ஆளுங்களுக்கு என்னா முறை?"

எங்கள் பக்கத்தில் நீ என்ன சாதி என்று முகத்துக்கு நேரே யாரும் கேட்க மாட்டார்கள். இப்படித்தான் சுற்றிச் சுற்றி வருவார்கள். எந்தத் தோட்டம், தோட்டத்தில் மேல் பிரிவா கீழ்ப் பிரிவா, திருவிழாவில் என்ன முறை. மூன்றாவது கேள்வியில் ஆளைப் பிடித்துவிடலாம். என் விரல் கதிரைக் கையில் துடித்தது. பக்கத்தில் நின்ற மனைவியின் கை உடனே என் மேல் விழுந்தது.

"நாங்க டவுனுக்கு வந்து ரொம்ப காலமாச்சுங்க. தோட்டத்துப் பக்கம் போறதே இல்ல. வடை எடுத்துக்குங்க, சூடா இருக்கு" என்றாள்.

அந்த அம்மா வடையை எடுத்துக்கொண்டு, "அப்பிடியா, ரொம்ப காலமா" என்றாள். அந்த 'அப்பிடியா' எனக்குப் பிடிக்கவில்லை. மகள் கதவோரமாக நின்று எங்கள் நாலு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எதுவோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டுவிட்டது. ஆனால் அது என்னவென்று தெரியவில்லை. பாவம், சேலைத் தலைப்பைத் திருகித் திருகியே கசக்கிவிட்டாள்.

அந்த இறுக்கத்தை உடைக்கத்தான் பையன் வாயைத் திறந்தான். "பேன்ஜோ முடிஞ்சிருச்சுன்னு சொன்னாங்களே. அம்மா, பாஸே கையால செஞ்சது. அவங்க பாடுவாங்க, கேளுங்க."

மகளுக்கு முகம் மலர்ந்தது. ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வந்து, கீழே பாயில் உட்கார்ந்து கம்பியைத் தட்டினாள். பொத் என்றது. இன்னொரு தரம் தட்டினாள். ஈரத் துணியை உதறின மாதிரி பொத், பொத். மழையில் தோல் தொய்ந்துவிட்டது. கம்பியை முறுக்கிப் பார்த்தாள். கம்பியைத் தாங்குகிற குதிரைக் கட்டை சாய்ந்து விழுந்ததுதான் மிச்சம். அவள் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கட்டியது.

அந்த அம்மா தலையைச் சாய்த்து, "இதுதானா அது? சத்தமே வரல்லியே" என்றாள்.

எனக்கு மண்டைக்குள் என்னவோ அறுந்தது. என் செருப்பைப் பார்த்தாய், பொறுத்தேன். என் ஊரைக் கேட்டாய், பொறுத்தேன். நான் கட்டிய தோலில் சத்தம் வரவில்லை என்றா சொல்கிறாய்? எழுந்து போய், "குடு இங்க" என்று மகளின் கையிலிருந்து வாங்கினேன். "என்னாங்க" என்று மனைவி கூப்பிட்டது முதுகுக்குப் பின்னால் கேட்டது. நான் அதற்குள் பின்கதவைத் தாண்டிவிட்டேன்.

பட்டறைத் தாழ்வாரத்தில் மரச்சீவல் மூட்டை நனையாமல் இருந்தது. ஒரு கை அள்ளிப் போட்டுக் கொளுத்தினேன். காய்ந்த சீவல் சட்டென்று பிடித்துக்கொண்டது. கம்பிகளைத் தளர்த்தி, குதிரையைக் கழற்றி மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேன்ஜோவைக் கழுத்தில் பிடித்துத் தோலை நெருப்புக்குக் காட்டினேன். மரத்தில் தீ படாமல், தோலில் மட்டும் சூடு படுகிற மாதிரி மணிக்கட்டைச் சுழற்றிச் சுழற்றி. சுற்றுக்கு ஒரு தரம் நெருப்பை விட்டு வெளியே எடுத்து, நடுவிரலால் ஒரு தட்டு. காதைக் கிட்டே கொண்டுபோய் ஒரு கேட்பு. மறுபடி நெருப்பு. தோல் மெல்ல மெல்ல இறுகி, பொத் என்றது டப் என்று ஆகி, டப் என்றது டண் என்று ஏறத் தொடங்கியது. என் உடம்பு முழுக்க அந்தச் சத்தம் ஏறியது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் மகளின் கல்யாணம்கூட எனக்கு நினைவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். பையனின் அப்பா தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வடை தின்ற கையைக் கழுவ வந்திருக்கிறார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கை தண்ணீரில் இல்லை.

ஒரு பேன்ஜோவை எவனும் இப்படிக் காய்ச்ச மாட்டான். தச்சன் காய்ச்ச மாட்டான், கித்தார்க்காரன் காய்ச்ச மாட்டான். பிறந்ததிலிருந்து தப்பு காய்ச்சுகிறதைப் பார்த்து வளர்ந்தவனுக்குத்தான் இந்த மணிக்கட்டு வரும். தோட்டத்தில் பிறந்த எந்த மனுஷனுக்கும் இதைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். முடிந்தது என்று நினைத்தேன். இத்தனை வருஷம் அவள் அமுக்கி அமுக்கி வைத்ததை நான் ஒரு கோபத்தில் நாசமாக்கிவிட்டேன். என் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? சீவல் நெருப்பு வேறு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

அவர் குழாயை மூடினார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குள் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, தோலைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் இன்னும் ஏறல்ல" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் கையை நீட்டி, கழுத்துப் பக்கத்து விளிம்பில் நடுவிரலால் ஒரு தட்டுத் தட்டினார். உண்மைதான், அங்கே மட்டும் சத்தம் தொய்வாக இருந்தது. நான் மறுபடி நெருப்புக்குக் காட்டினேன். அவர் குனிந்து இன்னொரு பிடி சீவல் அள்ளிப் போட்டார்.

"சாமிக்கா, சாவுக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டுக்குந்தான். நீங்க?"

"எங்கப்பா பெரட்டுக்கும் அடிச்சவரு."

பெரட்டு என்றால் விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூட்டிக் கணக்கெடுப்பது. முன்னே அதற்குத் தப்பு அடித்துத்தான் லயத்து வரிசை வீடுகளில் சனத்தை எழுப்புவார்கள். நான் தோலைத் தட்டிக் காட்டினேன், அவர் தலையாட்டினார். உள்ளே இருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது: "என்னா பண்றீங்க அங்க, ரெண்டு பேரும்?"

"ஒண்ணுமில்ல, பசை காயிது" என்று அவர்தான் பதில் சொன்னார். என்ன லாவகமாக வந்தது அந்தப் பொய். எனக்குப் பழக்கமான பொய்தான் அது.

உள்ளே போனோம். குதிரையை வைத்து, கம்பியை இறுக்கி மகளிடம் கொடுத்தேன். அவள் தட்டினாள். சத்தம் மழையை மீறி எழுந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற சின்னப் பாட்டு ஒன்றைத்தான் பாடினாள், நடுக்கத்தோடு தொடங்கி அப்புறம் தன்னை மறந்து பாடினாள். பையன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். நான் அவன் அப்பாவைப் பார்த்தேன். அவருடைய வலது கை கதிரைக் கையில் கிடந்தது. விரல்கள் மெல்ல அசைந்தன. அந்தப் பாட்டுக்குள் அவர், சாமிக்கு அடிக்கிற எங்கள் தப்புத் தாளத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் மகளைப் பார்த்துச் சிரித்தபடியே, உள்ளங்கையை நகர்த்திக் கொண்டுபோய் அவர் விரல்கள் மேல் வைத்து அமுக்கினாள்.

என் மனைவி அதைப் பார்த்தாள். அந்த அம்மாவும் என் மனைவி பார்த்ததைப் பார்த்தாள். சிரிப்பு அவள் முகத்திலேயே நின்றுவிட்டது. அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் எனக்கு அப்போதுதான் அர்த்தம் விளங்கியது. எங்களை மோப்பம் பிடிக்கக் கேட்கவில்லை அவள். நாங்கள் மோப்பம் பிடித்துவிடுவோமோ என்று முந்திக்கொண்டு கேட்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை கையடா இந்த மலையில் எத்தனை விரலை இப்படி அமுக்கிக்கொண்டிருக்கிறது என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. பாட்டு முடியும்வரை நாலு பேரும் பிள்ளைகளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தோம்.

"பொண்ணு நல்லாப் பாடுது. எங்களுக்குச் சம்மதம்" என்றாள் அந்த அம்மா. என் மனைவி வெற்றிலைத் தட்டை எடுத்து வந்தாள். கொடுத்த பிறகும் இரண்டு பொம்பளைகளும் தட்டை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்கள். பிள்ளைகள் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வேன் போன பிறகு மகள் பேன்ஜோவை மடியில் வைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். பலா விளிம்பில் ஒரு இடத்தில் கருகியிருந்தது. அதை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"நெருப்புல காட்டினா சத்தம் ஏறும்னு அந்தப் படத்துல இல்லியேப்பா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

என் கை மேசை மேல் இருந்தது. மனைவி எதிரே பார்க்காமல், வெற்றிலைத் தட்டைத் துடைத்தபடியே, இடது கையைக் கொண்டுவந்து என் விரல்கள் மேல் வைத்தாள். கை ஜில்லென்று இருந்தது. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் பாவம், இத்தனை வருஷமும் களைத்துப் போகாமல் காவல் காத்தவள்.

நான் என் கையை உருவிக்கொண்டேன். மகளின் மடியிலிருந்து பேன்ஜோவை வாங்கி, கம்பிப் பக்கத்தைக் கீழே போட்டு, பலாப் பலகை முதுகைத் தப்பு மாதிரி மேலே திருப்பி வைத்துக்கொண்டேன்.

"எங்கப்பாகிட்டப் படிச்சது. உக்காரு, சொல்றேன்" என்றேன்.